வெரோனிகா காத்திருக்கவில்லையா?

ஜனவரி 12, வாசகர் கேள்வி

‘நாரைகள் பறக்கின்றன’ என்ற 1957-ஆம் ஆண்டு சோவியத் படத்தை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். ஒளிப்பதிவைப் பற்றி எல்லோரும் சொன்னது உண்மைதான். ஆனால் ஒரு விஷயம் மனதில் ஒட்டவே இல்லை. போரிஸ் போர்முனைக்குப் போகிறான். வெரோனிகா அவனுக்காகக் காத்திருக்காமல் அவனுடைய ஒன்றுவிட்ட சகோதரன் மார்க்கைக் கட்டிக்கொள்கிறாள். இதைப் போய்ப் பெரிய காதல் படம் என்கிறீர்களே, எப்படி? அவளுக்காக நான் ஏன் அழ வேண்டும்?

ஜனவரி 12, இரவு

அவள் காத்திருக்கவில்லை என்று யார் சொன்னது?

1993-ல் சென்னையில் ஒரு பிலிம் சொசைட்டி திரையிடலில் இந்தப் படத்தை முதலில் பார்த்தேன். எனக்கு அப்போது இருபது வயது. நீங்கள் கேட்ட இதே கேள்வியோடுதான் நானும் வெளியே வந்தேன். அதற்குப் பிறகு நாலைந்து முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, இப்போது அதைக் கேட்கிற வாயே எனக்கு இல்லை.

தொடக்கத்தைத் திரும்பப் பாருங்கள். விடிகாலை மாஸ்கோ. ஆள் நடமாட்டம் இல்லாத ஆற்றங்கரைச் சாலையில் இரண்டு பேரும் குதித்துக் குதித்து ஓடுகிறார்கள். மேலே பறவைகள் வரிசையாகப் போகின்றன. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்போது தெரு கழுவுகிற லாரி வந்து இரண்டு பேரையும் நனைத்துவிட்டுப் போகிறது. சிரிக்கிறார்கள். ராத்திரி முழுக்கச் சுற்றிவிட்டு, வீட்டில் யாருக்கும் தெரியாமல் பூனை போல உள்ளே நுழைகிறார்கள். அது ஜூன் 22, 1941. அவர்கள் தூங்கி எழுவதற்குள் போர் வந்துவிட்டது.

அப்புறம் அவர்கள் நிம்மதியாகச் சேர்ந்திருப்பதாகக் காட்டப்படுவது ஒரே ஒரு காட்சி. விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஜன்னலை மறைக்க அவள் போர்வை மாட்டுகிறாள், அவன் பக்கத்தில் நிற்கிறான். தான் படையில் சேரத் தானாகவே பெயர் கொடுத்துவிட்டதை அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நண்பன் ஸ்டெபான் வந்து உளறிவிடுகிறான். அவ்வளவுதான் அவர்கள் காதலித்த காலம். ஒரு விடியற்காலை, ஒரு ஜன்னல்.

அவளுக்குப் பிறந்தநாள் பரிசாக அணில் பொம்மை ஒன்று வாங்கி வைத்திருந்தான். அவளை அவன் கூப்பிடுகிற செல்லப்பெயரும் அணில்தான். பொம்மையோடு ஒரு கடிதமும் எழுதினான். அதை அவளிடம் கொடுக்காமல் தன் பையிலேயே போர்முனைக்குக் கொண்டுபோய்விட்டான்.

ஜனவரி 13

வழியனுப்பும் காட்சியை நேற்று விட்டுவிட்டேன். அதைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

வெரோனிகா பஸ்ஸில் வருகிறாள். தெரு அடைத்துக்கொண்டு நிற்கிறது. கேமரா பஸ்ஸுக்குள் அவள் முகத்தருகே இருக்கிறது. அவள் இறங்கினால் அதுவும் இறங்குகிறது, கூட்டத்துக்குள் அவள் முண்டியடித்துப் போனால் அதுவும் முண்டுகிறது. பிறகு அப்படியே மேலே எழும்புகிறது. கீழே, அணிவகுத்துப் போகிற டாங்கிகளுக்கு நடுவே புகையில் அவள் குறுக்கே ஓடுவது தெரிகிறது. இத்தனையும் வெட்டில்லாத ஒரே ஷாட்.

படை கிளம்புகிற முற்றத்தில் கம்பி வேலி. இந்தப் பக்கம் அம்மாக்கள், மனைவிகள், காதலிகள். யாரோ அழுகிறார்கள், யாரோ பாடுகிறார்கள், யாரோ முத்தமிட்டுக்கொள்கிறார்கள். போரிஸ் கழுத்தை நீட்டித் தேடிக்கொண்டே இருக்கிறான். அவளும் இருக்கிறாள், அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறாள். கேட்கவில்லை. வரிசை நகர்ந்துவிடுகிறது. கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை அவன் இருக்கும் திசையில் வீசுகிறாள். அது பிரிந்து தரையில் சிதறுகிறது. பின்னால் வருகிற பூட்ஸ் கால்கள் அதை மிதித்துக்கொண்டு போகின்றன.

அவளால் விடைகொடுக்க முடியவில்லை. படத்தில் அதற்குப் பிறகு அவள் செய்கிற எல்லாமே இந்த முடியாமையிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

ஜனவரி 13, சற்று நேரம் கழித்து

‘கட்டிக்கொள்கிறாள்’ என்று கேள்வியில் இருக்கிறது. அந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

நடந்தது என்ன? குண்டுவீச்சில் அவள் வீடு போய்விட்டது. பதுங்குமிடத்திலிருந்து ஓடிவந்து, எரிகிற படிக்கட்டில் ஏறிக் கதவைத் திறக்கிறாள். உள்ளே அறை இல்லை, வெறும் ஆகாயம். அப்பா அம்மா இல்லை. சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. போரிஸின் குடும்பம் அவளைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறது. பிறகு ஒரு ராத்திரி சங்கு ஊதுகிறது. அவள் பதுங்குமிடத்துக்குப் போக மறுக்கிறாள். வீட்டில் மார்க்கும் அவளும் மட்டும். அவன் பியானோ வாசிக்கிறான். ஜன்னல் கண்ணாடி நொறுங்குகிறது. அவன் அவளை நெருங்குகிறான். அவள் அவனை அறைகிறாள். திரும்பத் திரும்ப அறைகிறாள், ஒவ்வொரு அறைக்கும் ‘இல்லை’ என்கிறாள். கடைசியில் நினைவிழந்தவளைத் தூக்கிக்கொண்டு உடைந்த கண்ணாடிமேல் நடக்கிறான்.

1957-ல் இதற்கு மேல் காட்டமாட்டார்கள். காட்டியதே போதும். இதற்குப் பெயர் காதலும் இல்லை, துரோகமும் இல்லை. அடுத்த முறை அவளைப் பார்க்கும்போது குடும்பம் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று மார்க்தான் சொல்கிறான். அவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள்.

இருபது வயதில் நான் அந்தக் குனிந்த தலையைப் பார்த்துக் குற்றவாளி என்று முடிவுகட்டினேன். அவள் அந்த வீட்டில் அண்டியிருக்கிறாள், அவளுக்குப் போக வேறு இடம் இல்லை என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

ஜனவரி 15

ஒருவர் தனியாகக் கேட்டார்: இது நாரையா, கொக்கா? நியாயமான கேள்வி. ரஷ்யத் தலைப்பில் இருக்கும் பறவை கழுத்தை நீட்டிக்கொண்டு கூட்டமாக வலசை போவது. நம் வயலில் நிற்கிற வெள்ளைக் கொக்கு கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும். படத்தில் மேலே போகிறவை நீட்டிய கழுத்துகள். செங்கால் நாரையும் கழுத்தை நீட்டித்தான் பறக்கும். அதனால் நான் நாரை என்றே எழுதுகிறேன்.

பிரெஞ்சுக்காரர்களும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள், காரணம் வேறு. அந்தப் பறவைக்கான பிரெஞ்சுச் சொல்லுக்குக் கொச்சையில் விலைமகள் என்று பொருள். வெரோனிகாவின் கதைக்கு அப்படியொரு தலைப்பு வைத்தால் என்ன ஆகும்! அதனால் பறவையை மாற்றி ‘செங்கால் நாரைகள் கடந்து போகும்போது’ என்கிற பொருளில் தலைப்பு வைத்தார்கள். சொல்லில்கூட அவள்மேல் கறை விழாமல் யாரோ பார்த்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

நாரையைத் தூதுவிட்ட பழைய தனிப்பாட்டு நமக்கு எல்லோருக்கும் பள்ளியிலேயே மனப்பாடம். ‘நாராய் நாராய் செங்கால் நாராய்’. அங்கே அது சேதி கொண்டுபோகும் பறவை. இந்தப் படத்தில் நாரைகள் சேதி எதுவும் கொண்டுவருவதில்லை. தொடக்கத்தில் ஒரு முறை போகின்றன, முடிவில் ஒரு முறை போகின்றன.

ஜனவரி 18

திருத்தம். நேற்று ராத்திரி மறுபடி போட்டுப் பார்த்தேன். 12-ஆம் தேதிக் குறிப்பில் தப்பாக எழுதிவிட்டேன். போரிஸ் அந்தக் கடிதத்தைப் போர்முனைக்குக் கொண்டுபோகவில்லை. அணில் பொம்மையின் கையில் ஒரு சின்னக் கூடை, அதில் பொன்னிறக் கொட்டைகள். கொட்டைகளுக்கு அடியில் கடிதத்தை மடித்து வைத்து, பொம்மையைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். பாட்டி அதை அவளிடம் கொடுத்தும் விடுகிறாள். கடிதம் உள்ளே இருப்பது வெரோனிகாவுக்குத் தெரியாது.

இந்தத் தப்பு சின்னதில்லை. கடிதம் அவனோடு போயிருந்தால் அது வெறும் விதி. இங்கே அது கூடவே இருக்கிறது. வீடு போனபோதும், மார்க்கோடு வாழ்ந்தபோதும், தொலைதூர சைபீரியாவுக்கு இடம்பெயர்ந்து ஒரே கூரையின் கீழ் நெருக்கியடித்துக் குடியிருந்தபோதும் அவள் கையெட்டும் தூரத்தில் இருந்தது. கடைசியில் மார்க் அந்தப் பொம்மையை எடுத்து வேறொரு பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிடுகிறான். அந்த விருந்தில்தான் கடிதம் வெளியே வருகிறது. முன்பின் தெரியாதவர்கள் நடுவில் அவளுடைய பிறந்தநாள் வாழ்த்து அவளுக்குக் கிடைக்கிறது, சில வருஷம் தாமதமாக.

என் நினைவு ஏன் அதை மாற்றி வைத்துக்கொண்டது என்று யோசித்தேன். கடிதம் தொலைந்துபோனது என்றால் தாங்கிக்கொள்ள முடியும், கூடவே இருந்தது என்றால் முடியாது. அதனால்தான் இருக்கும்.

ஜனவரி 19

ஒளிப்பதிவாளர் செர்கேய் உருசெவ்ஸ்கி. போர்க் காலத்தில் முன்னணியில் கேமரா தூக்கியவர். இயக்குநர் மிகயில் கலதோசவ், திபிலிசியில் பிறந்த ஜார்ஜியர். இந்த ஜோடியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அந்த ஷாட் எப்படி எடுத்தார்கள், இந்த ஷாட் எப்படி எடுத்தார்கள் என்றே பேசுகிறார்கள். நானும் 13-ஆம் தேதி அதைத்தான் செய்தேன். எனக்கு முக்கியமாகப் படுவது படிக்கட்டு.

தொடக்கத்தில், விடிகாலையில் பிரிய மனமில்லாமல் போரிஸ் அவளைத் துரத்திக்கொண்டு சுழல் படிக்கட்டில் ஏறுகிறான். கேமராவும் நடுவிலிருந்து சுற்றிக்கொண்டே கூட ஏறுகிறது. அடுத்து அவள் எரிகிற படிக்கட்டில் ஏறுவது. மூன்றாவது, சதுப்பு நிலத்தில் குண்டு பட்டு போரிஸ் சாய்கிறபோது. தலைக்கு மேல் பிர்ச் மரங்களின் உச்சி சுழல்கிறது. அந்தச் சுழற்சிக்குள் அவன் மறுபடி அதே படிக்கட்டில் ஏறி ஓடுகிறான், மேலே அவள் கல்யாண உடையில் வருகிறாள். நடக்காத கல்யாணம். நாம் முதல் பத்து நிமிஷத்தில் சாதாரணமாகப் பார்த்து ரசித்த படிக்கட்டைத்தான் அவன் சாகும்போது எடுத்துக்கொள்கிறான். காதலித்த நேரம் அவ்வளவு குறைவு, நினைத்துப் பார்க்க அவனுக்கு வேறு என்ன இருக்கிறது?

இசை மொய்சேய் வெயின்பர்க். வார்சாவில் பிறந்த யூதர். 1939-ல் ஜெர்மன் படை வந்தபோது சோவியத் பக்கம் தப்பி வந்தவர். அங்கேயே தங்கிவிட்ட பெற்றோரையும் தங்கையையும் நாஜிகள் கொன்றுவிட்டார்கள்.

ஜனவரி 22

சரி, ‘காத்திரு’ என்ற சொல்லுக்கு வருகிறேன்.

நமக்கு முல்லைத் திணை தெரியும். தலைவன் பாசறையில், தலைவி வீட்டில். இருத்தல்தான் அவள் வேலை. கார்காலம் வந்தால் அவனும் வந்துவிடுவான் என்று தோழி தேற்றுவாள். ரஷ்யர்களுக்கு அந்த இருத்தலின் பாட்டு 1941-ல் வந்தது. கவிஞர் கான்ஸ்டான்டின் சீமனவ் எழுதிய ‘எனக்காகக் காத்திரு’ என்ற கவிதை 1942 ஜனவரியில் பிராவ்தா இதழில் வெளியானது. சிப்பாய்கள் அதை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள், எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். நீ காத்திருந்ததால்தான் நான் பிழைத்தேன் என்பது அதன் சாரம்.

நல்ல கவிதைதான். ஆனால் அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அவன் திரும்பி வராவிட்டால், அவள் சரியாகக் காத்திருக்கவில்லை என்று ஆகிவிடும். போருக்குப் பிறகு எத்தனை பெண்கள் இந்தப் பாரத்தைச் சுமந்திருப்பார்கள்? சோவியத் நாட்டில் போரில் இறந்தவர்கள் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் பேர். 1959 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண்களைவிடப் பெண்கள் 2 கோடிக்கும் அதிகம். படம் வந்தபோது கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்தான்.

கதையை எழுதிய விக்டர் ரோசவ் சும்மா உட்கார்ந்து எழுதியவர் அல்ல. மாஸ்கோவில் தொண்டர்களைத் திரட்டி அமைத்த மக்கள் படையில் சேர்ந்து 1941-லேயே படுகாயம் பட்டவர். போரிஸ் மாதிரி கண்ணாடி போட்ட, பட்டறையும் படிப்புமாக இருந்த மாஸ்கோ பையன்கள் அன்று எப்படிப் போனார்கள், எத்தனை பேர் முதல் சில மாதங்களிலேயே போய்ச் சேர்ந்தார்கள் என்பதெல்லாம் அவர் கண்ணால் பார்த்தது. 1943-ல் இதை நாடகமாக எழுதினார். மேடை ஏறியது 1956-ல், ஸ்டாலின் இறந்து, அவரைக் கண்டித்துப் பேசிய குருஷ்சேவின் உரைக்குப் பிறகு காற்று கொஞ்சம் இளகிய வருஷத்தில். அதற்கு முன் இப்படி ஒரு பெண்ணை மேடையில் நிறுத்தி, இவளுக்காகவும் அழுங்கள் என்று சொல்லியிருக்க முடியாது.

ஜனவரி 22, இரவு

போரிஸ் கண்ணாடி போட்டிருக்கவில்லை. எழுதுகிற வேகத்தில் விழுந்துவிட்டது.

ஜனவரி 25

“படமே அவளைக் கண்டிக்கிறதே, மருத்துவமனைக் காட்சியைப் பாருங்கள்” என்று கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். அந்தக் காட்சி எனக்கும் வலிக்கும். காயம்பட்ட சிப்பாய் ஒருவனுக்கு, அவன் காதலி வேறொருவனைக் கட்டிக்கொண்டாள் என்று சேதி வருகிறது. கட்டைப் பிய்த்துக்கொண்டு கத்துகிறான். மருத்துவரான போரிஸின் அப்பா அவனை அடக்குவதற்காக, அப்படிப்பட்ட பெண்களுக்கு மன்னிப்பே கிடையாது என்று ஆவேசமாகப் பேசுகிறார். வார்டே ஆமோதிக்கிறது. கதவோரம் நிற்கிற வெரோனிகா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்த உரையை இயக்குநரின் குரலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் பேசப் பேசக் கேமரா யாரைப் பார்க்கிறது? வெரோனிகாவாக நடித்த தத்யானா சமோய்லவாவின் அந்தக் கண்களை. அவள் சாகத் துணிந்து ரயில் பாலத்தை நோக்கி ஓடும்போது நாமும் கூட ஓடுகிறோம். இதே அப்பாதான், தன் பெயரைப் பயன்படுத்தி மார்க் லஞ்சம் கொடுத்துப் படையிலிருந்து விலக்கு வாங்கினான் என்று தெரிந்ததும் அவனை வெளியே அனுப்புகிறார். அவளைப் போக விடவில்லை.

குறையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். சாகப்போன இடத்தில் ஒரு குழந்தை லாரியில் அடிபடப் போகிறது, இவள் காப்பாற்றுகிறாள், அதன் பெயரும் போரிஸ். இது எனக்குக் கதாசிரியரின் கை தெரிகிற இடம். மார்க்கை இவ்வளவு கெட்டவனாக ஆக்கியதும் அப்படித்தான். கொஞ்சம் நல்லவனாக இருந்து, பயத்தில் தவறியவனாக இருந்திருந்தால் படம் இன்னும் கனத்திருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் 1959-ல் வந்த ‘ஒரு சிப்பாயின் கதைப்பாடலை’ப் பாருங்கள். ஸ்டாலின்கிராடில் சண்டை போட்ட கிரிகோரி சுக்ராய் எடுத்தது. பத்தொன்பது வயது அல்யோஷா இரண்டு டாங்கிகளை வீழ்த்திவிட்டு, பதக்கத்துக்குப் பதிலாக அம்மாவைப் பார்க்க லீவு கேட்பான். சரக்கு ரயிலில் ஷூராவைச் சந்திப்பான். அத்தனை மென்மையான படம். அதில்கூட ஒரு சிப்பாய் தன் மனைவிக்குக் கொடுக்கச் சொன்ன சோப்பைக் கொண்டுபோகும் அல்யோஷா, அவள் வேறொருவனோடு இருப்பது தெரிந்ததும் சோப்பைத் திரும்ப வாங்கி அந்தச் சிப்பாயின் அப்பாவிடம் கொடுத்துவிடுவான். நமக்கும் அது நியாயமாகவே படும். அந்த மனைவிக்குத் தன் கதையைச் சொல்ல இடமே கிடைக்காது. ‘நாரைகள்’ அந்தப் பெண்ணின் வீட்டுக்குள் நுழைந்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிற படம்.

பிப்ரவரி 2

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

எங்கள் ஊர் வேலூர் பக்கம். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார்கள். அப்பாவும் பட்டாளத்துக்காரர். 1971-ல், கல்யாணமாகி ஒன்றரை வருஷம், லீவில் வந்திருந்தவருக்குத் தந்தி வந்தது. காலையில் தந்தி, சாயங்காலம் காட்பாடியில் ரயில். அம்மா ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் போக மாட்டார்கள். சித்தப்பாதான் சைக்கிளில் கூட்டிப்போனார். டிசம்பரில் சண்டை முடிந்து, அப்பா நல்லபடியாகத் திரும்பினார். அதனால் இதை ஒரு கதையாக யாரும் எங்கள் வீட்டில் சொன்னதே இல்லை.

படத்தில் போரிஸ் திரும்பித் திரும்பிப் பார்க்கிறானே, அந்த இடத்தில் அம்மா சொன்னார்: “உங்கப்பா திரும்பிப் பாக்கல. ‘போய்ட்டு வரேன்’னு சொல்லிட்டு நடந்துட்டார். பின்னாடி கூப்பிடக் கூடாதுன்னு நானும் வாயப் பொத்திக்கிட்டு நின்னேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “அந்த ஒரு வார்த்தையாவது சொன்னார்” என்றார்.

நாம் தினமும் பத்து தடவை சொல்கிற வார்த்தை. போறேன் என்று சொன்னால் பெரியவர்கள் திட்டுவார்கள். போரிஸுக்கு அதைச் சொல்லக் கிடைக்கவில்லை, வெரோனிகாவுக்கு அதைக் கேட்கக் கிடைக்கவில்லை. முதல் முறை பார்த்ததிலிருந்து முப்பது வருஷமாக நான் கேமராவையும் குனிந்த தலையையும் பற்றி யோசித்தேனே தவிர இது தோன்றவில்லை.

மார்க்கோடு கல்யாணம் என்ற இடத்தில் அம்மாவுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. “அவ எங்க கட்டிக்கிட்டா?” என்றார்.

பிப்ரவரி 3

போரிஸ் இறந்துவிட்டான் என்று அவனால் காப்பாற்றப்பட்ட சிப்பாயே வந்து சொன்ன பிறகும் அவள் நம்புவதில்லை. 1945-ல் மாஸ்கோ ஸ்டேஷனுக்குக் கை நிறையப் பூக்களோடு போகிறாள். ரயில் முழுக்கத் திரும்பி வருகிறவர்கள். ஸ்டெபான் வந்து உறுதிப்படுத்துகிறான். அப்போதுதான் உடைகிறாள். கேள்வி கேட்ட தம்பிக்கு இதைத்தான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்: நாலு வருஷம் காத்திருந்திருக்கிறாள். மார்க்கின் வீட்டில் இருந்த நாட்களிலும் தபாலுக்காகக் காத்திருந்தவள் அவள்தான்.

பிப்ரவரி 9

விருது பற்றிக் கேட்டவருக்கு: 1958 கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனை. சமோய்லவாவுக்குத் தனிப் பாராட்டும் கிடைத்தது. சோவியத் நாட்டில் மட்டும் ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் பேர் பார்த்தார்கள்.

பிப்ரவரி 16

நேற்று அம்மா மறுபடி அந்தப் படத்தைப் போடச் சொன்னார். முடிவில் வெரோனிகா தனக்குத் தெரியாதவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு பூவாகக் கொடுத்துக்கொண்டு போகிறாளே, அதைப் பார்க்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து அங்கே ஓட்டினேன். இல்லை, ஆரம்பத்தைப் போடு என்றார். இரண்டு பேரும் ஆற்றங்கரையில் ஓடுவது, நாரைகள், தண்ணீர் லாரி. லாரி நனைத்துவிட்டுப் போனதும், “போதும், நிறுத்து” என்று எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.